வாகனங்களைக் கொஞ்சுகிறவர்

அந்த நாளில் எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கை உங்கடை கொஞ்சுறவர்?" என்றுதான். வேலை எப்போது முடியும், என்ன செலவாகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆளுக்கொரு பெயர் வைக்காவிட்டால் சாப்பிட்டது செமிக்காது.

அவர் பட்டி பூசுகிறவர். மோதி நெளிந்த தகரத்தை எவ்வளவுதான் தட்டி நிமிர்த்தினாலும் அது பழையபடி வராது. அங்கங்கே பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தை நிரவுகிற பசைதான் பட்டி. டின்னில் இருக்கும்போது குழைத்த மா. சின்னக் குழாயில் வருகிற சிவப்பு ஹார்ட்னரை அதற்குள் கலந்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் கல். கல்லாகிவிட்டதா, இன்னும் இல்லையா என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அவசரப்பட்டுத் தேய்த்தால் சாண்ட் பேப்பரில் பிசின் மாதிரி ஒட்டும். அதை மறைத்துப் பெயின்ற் அடித்தால் ஒரு மாதத்தில் இறங்கி, பள்ளம் திரும்பவும் பல்லைக் காட்டும்.

இறுகிவிட்டதா என்று மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அவர் குனிந்து, கண்ணை மூடி, கன்னத்தை அந்த இடத்தில் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு முகத்தை மெல்லத் திருப்பி, உதட்டோரத்தாலும் ஒருமுறை தொடுவார். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குப் பிள்ளையை முத்தமிட்டுக் கொஞ்சுகிற மாதிரித்தான் தெரியும்.

நான்கு வருடம் அப்படிப் பார்த்தார். ஐந்தாம் வருடம் ஆவணியில் நான் அதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவருக்கு நடந்ததெல்லாம் என்னுடைய அந்த ஒரு சொல்லால் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன் மாதிரிக் கதை சொல்லிக்கொண்டு போய்க் கடைசியில் தலையில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

என் வீடு சண்டிலிப்பாயில். கராஜ் காங்கேசன்துறை வீதியில். அவர் குருநகர் ஆள்; கத்தோலிக்கக் கடற்தொழிலாளரின் ஊர். அங்கே பைபர் படகுகளுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலமை பஸ்ஸில் வந்து இறங்கி, வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். செருப்பு இரண்டையும் சணல் கயிற்றால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"என்ன அண்ணை, செருப்பு ஓடிப்போயிடுமோ?" என்றேன்.

"ஓம் தம்பி. சொல்லாமல் கொள்ளாமல் போயிடும்" என்றார் சிரிக்காமல்.

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. பகிடிக்குப் பகிடி சொல்லுகிற மனிதர் என்று நினைத்தேன். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"படகு வேலை செய்தனியள் எண்டால் காருக்குப் பட்டி பூசத் தெரியுமோ?"

"ரெண்டும் ஒரே சாமான்தான் தம்பி. கடலிலை பிழைவிட்டால் ஆள் திரும்பி வராது. றோட்டிலை பிழைவிட்டால் வாகனம் திரும்பி வரும். அவ்வளவுதான்."

ஒரு பழைய கார்க் கதவைக் கொடுத்துப் பார்த்தேன். வேலையைத் தொடங்காமல் கண்ணாடித் துண்டு கேட்டார். மட்டையில் வைத்துக் குழைக்கலாமே என்றதற்கு, மட்டை பசையைக் குடிச்சிடும், பிறகு கணக்குப் பிழைக்கும் என்றார். யன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஹார்ட்னர் குழாயைத் திறக்குமுன் உள்ளங்கைகளுக்குள் வைத்து வடிவாகப் பிசைந்தார். தேசிக்காய் அளவு பட்டி, அதற்கு ஒரு கச்சான் கடலைப் பருப்பளவு ஹார்ட்னர். பங்குனி வெயிலில் அதிலும் கொஞ்சம் குறைவு, வாடைக்காற்றுத் தொடங்கினால் கொஞ்சம் கூட. கோடு கோடாக நின்ற சிவப்பு ஒரே நிறமாக மாறும்வரை கரண்டியால் அமத்தி அமத்தித் தேய்த்தார். முட்டை அடிக்கிற மாதிரி அடிக்கக்கூடாதாம். காற்றுப் புகுந்து பிறகு ஊசித்துளை ஊசித்துளையாக வருமாம்.

பூசி முடித்தார். பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் போய்க் கன்னத்தை வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். திரும்பவும் போனார்.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"இறுகேக்கை அதுக்குச் சூடு வரும் தம்பி. வந்த சூடு போகவேணும். சூடு போகாமல் பேப்பர் போடக்கூடாது."

அந்தக் கதவு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. எங்கே பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கே வேலைக்கு எடுத்துவிட்டேன். பெயரும் அன்றைக்கே வைத்தாயிற்று. அவரைக் கேலி செய்ய எடுத்த பெயர், ஒரு மாதத்தில் கராஜுக்கே விளம்பரமாகிவிட்டது. பெடி பெட்டையெல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்; தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான்.

கதை குறைந்த மனிதர். எதைக் கேட்டாலும் 'ஒண்டுமில்லைத் தம்பி' என்பதில் போய் நிற்கும். பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தால் நாங்கள் எல்லோரும் ரம்ளரைச் சேட்டு நுனியால் பிடித்து ஊதிக்கொண்டிருப்போம். அவர் வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போவார். "வேலை செய்து தோல் காய்ச்சுப்போச்சு, பாத்தியளோ" என்று நான் மற்றவர்களுக்குக் காட்டுவேன். தேத்தண்ணியோடு கடிக்கப் பனங்கட்டி கொடுத்தால் எடுக்கமாட்டார். முதல் வருடம் அது தவக்கால நேரம். வேதக்காரர் தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே நேர்த்தியாக்கும் என்று விட்டுவிட்டேன். ஈஸ்டர் போய், ஆடி வந்தும் எடுக்கவில்லை.

"என்ன அண்ணை, உங்கடை தவக்காலம் வருசம் முழுக்கவோ?"

"ஓம் தம்பி. எனக்குக் கொஞ்சம் நீட்டு."

இதையும் பகிடி என்றே எடுத்தேன். செருப்புக் கயிறு, தேத்தண்ணி, பனங்கட்டி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மூளை எனக்கு இருக்கவில்லை. வாய் நீளமாக இருந்தால் கண் கட்டையாகிவிடும்போல.

ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடம் விட்டுக் கராஜுக்கு வந்தவள், பின்பக்க வாங்கில் சுருண்டு படுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வெயில் குடித்திருப்பாள் என்று நினைத்து நான் கவனிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டையில் நின்றேன். கொஞ்சுறவர் கை கழுவிவிட்டுப் போய், அவளுடைய நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். அவர் என்னுடைய கதைக்கு இடையில் புகுந்தது அந்த ஒருமுறைதான்.

"தம்பி, பிள்ளைக்கு நூற்றிமூண்டு காய்ச்சல் இருக்கும். கதையை விட்டுட்டு டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ."

டொக்டர் தெர்மாமீற்றர் வைத்துப் பார்த்தபோது நூற்றிமூன்று. டெங்கு. இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கியதை நான் முழுதாகக் கேட்கவில்லை. பிள்ளை சுகமாகி வந்ததும் என் மனைவி அவருக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்தாள். அதையும் அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார், தான் சாப்பிடவில்லை. என் பிள்ளையின் நெற்றியில் அவர் முகம் வைத்தபோது எனக்கு எச்சில் என்ற சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. அதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆவணியில் கீரிமலைப் பக்கத்துக் கோயில் ஒன்றை நிர்வகிக்கிற முகாமைக்காரர் தன்னுடைய வெள்ளை வானைக் கொண்டுவந்து விட்டார். மதிலில் உரசிப் பக்கக் கதவு உள்ளே போயிருந்தது. நாலு நாளில் திருவிழாக் கொடியேற்றம். கீரிமலையில் இருந்து தீர்த்தக்குடங்கள் அந்த வானில்தான் வரவேண்டும். நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போகிறேன், அதற்குள் முடித்துவிடு என்றார். சரி என்றேன். அவரைப் போன்றவர்கள் ஒரு சொல்லுச் சொன்னால் பத்து வாகனம் வரும், ஒரு சொல்லுச் சொன்னால் பத்து வாகனம் வராது.

மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அவர் உள்ளே காலெடுத்து வைக்கவும், எங்கள் மனிதர் கண்ணை மூடிக் கதவில் முகம் வைத்துக்கொண்டிருக்கவும் சரியாக இருந்தது.

"உவர் என்ன செய்யிறார்?"

"பட்டி இறுகிட்டுதோ எண்டு பாக்கிறார் ஐயா."

"வாயாலையோ?"

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். முகாமைக்காரர் சிரிக்கவில்லை.

"உவர் எவ்விடத்து ஆள்?"

"குருநகர்."

"ம்" என்றார். கதவைத் திரும்பவும் ஒருதரம் பார்த்துவிட்டு, "இதிலை தீர்த்தக்குடம் ஏறப்போகுது. எச்சில் பட்ட வாகனத்தைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னாலை விடச் சொல்லுறியளோ?" என்றார்.

அந்த 'ம்' எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் விளங்கும். எச்சில் பட்டதில் பாதிக்கோபம், யாருடைய எச்சில் என்பதில் மிச்சக்கோபம். நான் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். வேறு எல்லா இடத்திலும் நீளுகிற வாய் அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கி வந்து, வாளித் தண்ணீரில் கரைத்து, அந்தக் கதவில் தெளித்து நானே கழுவித் துடைத்தேன். எங்கள் மனிதர் கையில் பட்டிக் கண்ணாடியோடு ஒருபக்கமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகாமைக்காரர் போன பிறகு அவரைக் கூப்பிட்டேன். உள்ளே இருந்த வெட்கம் எல்லாம் அவர்மேல் கோபமாகத்தான் வந்தது.

"அண்ணை, இனிமேல் வாகனத்திலை முகம் வைக்கிற வேலை வேண்டாம். ஆக்கள் அருவருக்கினம்."

"அப்ப எப்பிடிப் பாக்கிறது தம்பி?"

"எல்லாரும் எப்பிடிப் பாக்கினமோ அப்பிடி. கை இருக்குத்தானே."

அவர் தன்னுடைய கைகளைப் பார்த்தார். இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் முகம் வைக்கவில்லை. சொன்னால் சொன்னபடி கேட்கிற மனிதர்.

பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ வேறொரு வெள்ளைக் கார் திரும்பி வந்தது. கதவில் பெயின்றுக்குள்ளால் செம்மஞ்சளாக ஒரு கறை ஊறி வந்திருந்தது. பெயின்ற் அடிக்கிற எங்கள் ஸ்பிறேக்காரர் பார்த்த உடனே சொன்னார்: "ஹார்ட்னர் கூடிப்போச்சு முதலாளி. கூடினால் உப்பிடித்தான் மேலை வரும்." ஐந்து வருடத்தில் கொஞ்சுறவருடைய கையால் அப்படி ஒன்று நடந்ததில்லை. அடுத்த கிழமை இன்னொன்று. அதற்கடுத்த கிழமை ஊசித்துளை விழுந்த ஒன்று. இறுகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் ஒவ்வொருமுறையும் ஒரு பொட்டுக் கூடப் போட்டுக்கொண்டிருந்தார். பயம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது, "என்ன, இந்த வயசிலையே அறளை பேந்திட்டுதோ உங்களுக்கு?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

"ஒரு பொட்டுக் கூடிப்போச்சுத் தம்பி."

"கூடக்கூடாது. நான் சொல்லுற அளவுதான்."

நானே அளந்து கொடுத்தேன். ஐப்பசி பிறந்தது, மழை தொடங்கியது, வாடைக்காற்று வந்தது. நான் அளந்த அளவு வாடைக்குப் போதாது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. இப்போது இறுகாமல் வந்தது. தேய்க்கத் தேய்க்கப் பேப்பரில் ஒட்டியது. அவர் பூசியதை அவரே சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினார். விரலால் தொட்டுப் பார்ப்பார், திரும்பவும் தொடுவார், அழுத்துவார், விரல் அடையாளம் பதிந்துவிடும். நான் தலையில் அடித்துக்கொண்டு ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி வந்து அவர் வேலை செய்கிற இடத்துக்கு எதிரே மாட்டினேன். மங்கின பல்ப் மாதிரி ஐம்பது வோல்ற் மூளை எனக்கு.

"உந்தத் தொடுறது ஒண்டும் வேண்டாம். வெளிச்சத்தைக் கிட்ட வைச்சுச் சூடு காட்டுங்கோ. மணிக்கூட்டைப் பாருங்கோ. முப்பது நிமிசம். அவ்வளவுதான்."

தகரக் கவசம் போட்ட பெரிய பல்ப் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை இரும்புக் காலில் நிறுத்தி, பட்டி பூசிய இடத்துக்கு நேரே பிடித்துவிடலாம். கார்த்திகை மாதம், பின்னேரம் மூன்று மணி, நல்ல மழை. நான் மேசையில் இருந்து ரெலிபோனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன். ஸ்பிறேக்காரர் மூக்கைச் சுளித்தபடி வந்து, "என்ன முதலாளி, இறைச்சி பொசுங்கிற மாதிரி மணக்குது?" என்றார். எனக்கும் அப்போதுதான் மணத்தது. வயர் எரிகிறது என்று நினைத்து ஓடினோம்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை, அந்தப் பல்ப்பின் தகரக் கவசத்தில் சாய்ந்திருந்தது. மதிலில் கை ஊன்றி நிற்கிற மாதிரி, ஆறுதலாக. உள்ளங்கைக்குள்ளிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தபோது தோல் கவசத்தோடு நின்றுவிட்டது.

அவர் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இன்னும் ஆறு நிமிசம் இருக்குத் தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் மற்றக் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக ஊசி நுனியால் தொட்டு, தெரியுதோ என்று கேட்டார். எங்கள் மனிதர் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். டொக்டர் கெட்டிக்காரர். "கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கோ ஐயா" என்றார். கண்ணை மூடினார். டொக்டர் ஐந்து விரலையும் குத்தினார். கட்டிலில் சத்தம் இல்லை. பிறகு டொக்டர் பஞ்சுத் துணுக்கு ஒன்றை எடுத்து அவருடைய கன்னத்தில் படுகிறதும் படாததுமாக வைத்தார்.

"இப்ப தெரியுது" என்றார் அவர்.

நான் வெளியே வந்து சுவரோடு நின்றேன். அங்கே அவருடைய மனைவி இருந்தார். என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சீனி வருத்தம் தம்பி, நீரிழிவு. எட்டு வருசமாய் விரலுக்கும் காலுக்கும் ஒண்டும் தெரியாது. படகு வேலையிலை பைபர் கிழிச்சு ரத்தம் ஓடினதும் தெரியாமல் நிண்டிருக்கிறார். அங்கை வரவேண்டாம் எண்டிட்டினம். உங்களிட்டைச் சொன்னால் நீங்களும் நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயம்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொடர்ந்தார்.

"நீங்கள் அவருக்குக் கொஞ்சுறவர் எண்டு பேர் வைச்சியளாம். அதிலை அவருக்கு நல்ல சந்தோசம். இனி ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம் எண்டு வந்து சொன்னவர்."

நான் பகிடிக்கு வைத்த பெயருக்குப் பின்னால் அந்த மனிதர் நான்கு வருடம் ஒளிந்து பிழைத்திருக்கிறார். அதையும் நானே பிடுங்கியிருக்கிறேன். ஏன் அண்ணை முகத்தை வைக்கிறியள் என்று ஒரு கேள்வி கேட்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

புண் ஆறவில்லை. சீனி வருத்தக்காரருக்கு ஆறுவது கடினம். மார்கழியில் இரண்டு விரல் எடுத்தார்கள். தைப்பொங்கல் கழிந்து குருநகருக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் சின்ன வீடு. முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். செருப்பில் அதே சணல் கயிறு. இப்போது மனைவிதான் கட்டிவிடுகிறாராம்.

"நான் சொன்னது பிழை அண்ணை" என்றேன்.

"பிழை எண்டில்லைத் தம்பி. சாமி காரியம் எண்டால் ஆக்கள் பாப்பினம்தானே."

"நீங்கள் திரும்பி வரவேணும். பூசுறதை வேறை ஆள் பூசட்டும். நீங்கள் பாத்துச் சொன்னால் காணும். எந்த வாகனம் எண்டாலும் முகத்தை வைச்சுப் பாருங்கோ. ஒருத்தன் வாய் திறக்கட்டும், நான் கதைக்கிறன்."

தலையை ஒருபக்கம் சாய்த்து அந்தச் சின்னச் சிரிப்பைச் சிரித்தார். "வேண்டாம் தம்பி. ஆக்களின்ரை வாகனம். இனி எனக்கு வைக்க மனம் வராது."

பிறகு அவராக, "மணிக்கூடு ஓடுதோ?" என்று கேட்டார்.

"கழட்டிப்போட்டன்."

"ஏன் தம்பி, நல்ல மணிக்கூடு."

"ஏன் அண்ணை என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "நீங்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்" என்றார். நான்கைந்து வருடத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அந்த அளவுதான். எழும்பும்போது மகளின் சுகம் விசாரித்தார். காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் சும்மா இருக்கவேண்டாம், உடனே காட்டுங்கோ என்றார்.

கை வழியாக ஏறிய கிருமி உள்ளே போய்விட்டது. பங்குனியில் செய்தி வந்தது. அதுவும் தவக்கால நேரம்தான். நானும் ஸ்பிறேக்காரரும் போனோம். வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைகளில் செபமாலை சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். இல்லாத விரல்கள் தெரியாதபடி மாலையை வடிவாகச் சுற்றியிருந்தார்கள். வேதக் கோயிலுக்கு எடுக்குமுன் பெட்டியை மூட வேண்டிய நேரம் வந்தது. அவர்களுடைய வழக்கம், மூடுமுன் உரித்துக்காரர் எல்லோரும் வரிசையாக வந்து ஆளைக் கொஞ்சுவது. மனைவி, சகோதரங்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நாங்கள் பின்னுக்கு நின்றோம். எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் உடலைத் தொடுவதே குறைவு, முகத்தோடு முகம் வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எல்லோரும் முடிந்த பிறகு அவருடைய மனைவி திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்கள் கொஞ்சேல்லையோ?" என்றார்.

அந்தச் சொல்லை அந்த வாயால் கேட்டேன். போனேன். குனிந்தேன். எப்படிச் செய்வது என்று தெரியாமல், அவர் செய்கிறபடியே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு என் கன்னத்தை அவருடைய கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கண்ணைத் திறந்தேன். அத்தனை வருடம் அவர் வேலை செய்தபோதும் அந்தக் கன்னத்தை நான் ஒருமுறையும் கிட்டப் பார்த்ததில்லை. பட்டித் தூசி பட்டுப் பட்டு ஒருபக்கம் மட்டும் தோல் தடித்திருந்தது. யாரோ என் தோளில் தட்டி நேரமாகுது என்றார்கள்.

வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. செத்த வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் போகலாம். கிணற்றடியில் மனைவி மாற்றுச் சாரத்தைப் போட்டு, வாளி நிறையத் தண்ணீர் அள்ளி, அதற்குள் மஞ்சளும் கரைத்து வைத்திருந்தாள். அவளில் பிழை இல்லை. எப்போதும் செய்வதைத்தான் செய்திருந்தாள். நான் அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் அந்தக் குளிர் இன்னும் இருந்தது.

கை கால் மட்டும் கழுவிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். தலையில் ஊற்றாமல் விட முடியாது. தலையில் ஊற்றினால் முகத்தால் வடியாமல் இருக்காது.

"ஏன் நிக்கிறியள்? ஊத்துங்கோவன்" என்றாள் மனைவி குசினி வாசலில் இருந்து.

ஊற்றினேன்.